டாக்டர் அறைக்கு வெளியே என் மேசை

திண்டுக்கல்,
8.9.2002, ஞாயிற்றுக்கிழமை.

செல்ல மகள் மகேஸ்வரிக்கு அம்மா எழுதுவது. அபிராமி அம்மன் தயவில் நானும் அப்பாவும் இங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நடமாடிக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் அதேபோல இருப்பீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், கோபமாக வந்தது, அதனால் எழுதாமல் எடுத்து வைத்துவிட்டேன். இப்போது கோபம் இல்லை. மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரைக்கு வகுப்புக்குப் போய்விடுவேன், இன்றைக்கு வகுப்பு எடுக்கும் நர்கீஸ் மேடம் வீட்டில் ஏதோ விசேஷமாம், லீவு விட்டுவிட்டார்கள். அப்பா கடைக்குப் போயிருக்கிறார். இந்த வருஷமும் மழை ஏமாற்றிவிட்டது, கிணற்றிலெல்லாம் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய், கன்னிவாடிப் பக்கத்து மோட்டார் அத்தனையும் காயில் எரிந்து, புதுக் கம்பி சுற்ற அப்பா கடை வாசலில் வந்து குவிகிறது. ஊருக்குக் கஷ்டம், அப்பாவுக்கு வேலை, அதைச் சொல்லிச் சந்தோஷப்படவும் முடியவில்லை. நாளை மறுநாள் பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டைக்கு மாவைச் சலித்து வைத்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

ஏம்மா இந்த வயதில் உனக்கு இந்த வேலை, ஒரு டாக்டர் வாசலில் டோக்கன் கொடுப்பதற்காக அத்தையோடு பகையை வாங்கிக்கொள்ள வேண்டுமா, பேசாமல் விட்டுவிடு, வேண்டியதை நாங்கள் அனுப்புகிறோம் என்று எழுதியிருந்தாய். உன் மாயக்காள் அத்தை எஸ்.டி.டி. பூத்திலிருந்து உனக்குப் போன் போட்டு அழுததை இப்போது அவளே என்னிடம் சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அவள் பக்கம் நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் அந்தப் போனுக்குப் பிறகு இங்கே நிறைய நடந்துவிட்டது. போனில் சொல்ல ஆரம்பித்தால் மீட்டர் ஓடுகிற பயத்தில் பாதியை விழுங்கிவிடுவேன். அதனால் எழுதுகிறேன், அடுப்பில் எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்துப் பொறுமையாகப் படி.

முதலில் என் வேலை என்னவென்று தெரிந்துகொள். டோக்கன் கொடுப்பது நான் இல்லை, அது சைதூன் என்று ஒரு பெண். பிராங்க்ளின் டாக்டரின் அறைக்கு வெளியே, வலது பக்கம் சன்னலை ஒட்டி என் மேசை. மதுரைப் பெரிய டாக்டர்களுக்கு நோயாளியைப் பற்றி எழுத வேண்டிய கடிதங்களை அவர் ஒரு சின்ன டேப் ரிக்கார்டரில் பேசி வைத்துவிடுவார், நான் காதில் மாட்டிக்கொண்டு கேட்டு டைப் அடிக்க வேண்டும். படுத்திருந்தவர்கள் வீட்டுக்குப் போகும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபீசுக்குக் கொடுக்கும் மெடிக்கல் சர்ட்டிபிகேட், யாரை என்றைக்கு வரச் சொல்வது, ரத்தப் பரிசோதனை முடிவு வந்தால் சரியான பைலில் சேர்ப்பது, மறுபடி வர வேண்டியவர் வராவிட்டால் ஞாபகப்படுத்துவது எல்லாம் என் பொறுப்பு. இந்த இடத்தில் ரொம்ப வருஷமாக இருந்தது பின் தெரு செபாஸ்தியம்மாள் அக்கா. முழங்கால் வலியால் மாடி ஏற முடியவில்லை என்று நின்றுகொண்டார். பொங்கல் கழிந்து ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "கௌசல்யா, டாக்டரு டைப் தெரிஞ்ச ஆளு தேடுறாரு, சின்னப் பிள்ளைகன்னா கல்யாணமாகிப் போயிருதுகளாம், நீ ரெண்டு பாசையிலயும் ஹையர் பாஸ் பண்ணுன ஆளுதான, வந்து பாரு" என்றார். நான் சிரித்தேன். நீ பிறந்ததும் அந்த வக்கீல் ஆபீசை விட்டவள், அதற்கப்புறம் டைப்ரைட்டரைத் தொட்டதே இல்லை. அப்பாதான், "போய்ப் பாரேன், பிடிக்கலன்னா வந்துரு" என்றார். விரல் மறக்கவில்லை. உட்கார்ந்த அன்றைக்கே ஓடியது.

காதுதான் மக்கர் செய்தது. டாக்டர் வேகமாகப் பேசுவார், ஹைப்பர் என்கிறாரா ஹைப்போ என்கிறாரா, அதாவது கூடுதலா குறைவா என்று தெரியாமல் இரண்டையும் ஒன்று போல அடித்துக் கொடுத்தேன். அவர் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "இந்த ஒரு எழுத்துல ஆளையே தலைகீழா மாத்திட்டீங்கம்மா" என்றார். திட்டவில்லை, ஆனால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் அவரே சொல்லித்தான் மதுரையில் மெடிக்கல் செக்ரட்டரி படிப்பில் சேர்ந்தேன். வகுப்பில் எல்லாரும் உன் வயதுப் பிள்ளைகள், என்னை முதல் நாள் யாருடைய அம்மாவோ என்று நினைத்து வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். வீட்டில் அப்பா புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்பார். அவர் உச்சரிக்கிற விதத்தில் அது என்ன வார்த்தை என்று எனக்கே மறந்துபோகும். செபாஸ்தியம்மாள் அக்கா போகிற அன்றைக்கு மேசையைத் துடைத்துவிட்டு ஒன்று சொன்னார். "டைப் அடிக்கிறதெல்லாம் ரெண்டாவது வேலை. மொத வேலை வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கிறது. யாரு வந்தா, என்னாத்துக்கு வந்தான்னு ஒன் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியக் கூடாது." இதில் என்ன கஷ்டம் என்று நானும் தலையாட்டினேன்.

ஆனி மாதம் அத்தை மகள் சத்யபிரியாவுக்கு நத்தத்திலிருந்து வரன் வந்தது. பையன் பெயர் அழகுராஜா, பி.காம். படித்துவிட்டு அவனுடைய அப்பாவின் புளி வியாபாரத்தைப் பார்த்துக்கொள்கிறான், மாந்தோப்பும் இருக்கிறது. பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், இரண்டு பக்கமும் பிடித்துவிட்டது, ஆடி கழிந்து ஆவணியில் நிச்சயம் என்று பேசிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி நடத்தித் தொண்டை கட்டிப்போய்க் கிடக்கும் நம் சத்யா அந்த வாரம் பாட்டுப் பாடிக்கொண்டு பூக்கட்டினாள் என்று அத்தையே சொன்னாள். அடுத்த வாரம் அத்தை டவுனுக்கு வந்தவள் என்னை எட்டிப் பார்க்கலாம் என்று கிளினிக்குக்குள் நுழைந்திருக்கிறாள். நான் டாக்டர் அறைக்குள் இருந்தேன். பெஞ்சில் அழகுராஜா உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்துவிட்டாள். என்னைப் பார்க்காமலே திரும்பி, நேராக நம் வீட்டுக்குப் போய் நான் வரும்வரை வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அவன் அங்கே வந்ததைப் பற்றி அத்தை உன்னிடம் சொன்னதைத்தான் நானும் எழுதுகிறேன், அதற்கு மேல் ஒரு எழுத்து இதில் வராது.

தோட்டத்து முருங்கைக்காயும் கத்தரிக்காயும் பை நிறைய கொண்டுவந்திருந்தாள். இலையைப் போட்டேன். உட்கார்ந்தவள் சோற்றில் கை வைக்காமல், "மதினி, அந்த நத்தத்துப் பையன் ஒங்க ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தானே, என்னாத்துக்கு வந்தான்?" என்றாள். நான், "அதெல்லாம் நான் சொல்லக் கூடாது மாயக்கா, டாக்டருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றேன். விளையாடுகிறேன் என்று நினைத்தாள். மறுபடியும் கேட்டாள், மறுபடியும் அதையே சொன்னேன். முகம் மாறிவிட்டது. "காச்சல் தலவலின்னா சொல்லிட்டுப் போக வேண்டியதுதான. சொல்ல மாட்டேங்கிறன்னா அப்ப என்னமோ பெருசா இருக்கு" என்றாள். மகேசு, நான் சும்மா இருப்பதே அந்தப் பையனுக்கு ஒரு வியாதியாகப் போய் ஒட்டிக்கொண்டது. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஒருவருக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால், நாளைக்கு நான் வாயைத் திறக்காத இன்னொருவருக்கு என்னவோ இருக்கிறது என்று ஆகிவிடாதா. அதனால் அதையும் விழுங்கினேன். அவள் எழுந்துவிட்டாள். "இதே ஒன் மகளா இருந்தா இப்பிடி இருப்பியா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமலே போனாள். அந்த இலையை அப்படியே எடுத்துப் போட்டேன்.

அப்பா வந்து விஷயத்தைக் கேட்டார். "எங்கிட்டயாவது சொல்லு, நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்" என்றார். அவரிடமும் மாட்டேன் என்றேன். கல்யாணமான நாளிலிருந்து இவருக்குத் தெரியாமல் ஒரு டம்ளர்கூட நான் வாங்கினதில்லை, அவருக்கு எப்படி இருந்திருக்கும். கோபப்படவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு ரேடியோவைத் திருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு மூன்று நாள் வீட்டில் ரேடியோ மட்டும்தான் பேசியது.

ஆடியில் அத்தை ஊரான கன்னிவாடியில் கோயில் கும்பிடு. ஒவ்வொரு வருஷமும் அத்தை வந்து அழைப்பாள், இந்த வருஷம் வரவில்லை. "டாக்டரு பக்கத்துல உக்காந்ததும் எங்க மதினிக்குக் கண்ணு மேல போயிருச்சு" என்று சொந்தக்காரர்களிடம் சொன்னது சுற்றிச் சுற்றி என் காதுக்கே வந்தது. பஸ்ஸில் பார்த்த ஒரு சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாத்திரம் விளக்கும்போதெல்லாம் இதே நினைப்பு. உண்மையிலேயே பெரிய விஷயமாக இருந்தால்கூட இந்தப் பெண்ணுக்குச் சொல்லாமல் இருப்பாயா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். நீயும் அதைத்தான் கேட்பாய். வேலையை விட்டுவிட்டால் சொல்லலாமே என்றுகூட ஒரு நாள் தோன்றியது, அப்படியும் அது அவன் டாக்டரிடம் நம்பிச் சொன்னதுதானே. கடைசியில் டாக்டரிடமே போய், பெயரைச் சொல்லாமல், சொந்தத்தில் ஒருவரைப் பற்றி வீட்டில் கேட்கிறார்கள் என்றேன். "யாருன்னு எங்கிட்டயும் சொல்லாதீங்கம்மா. கேக்கறவங்களை அவர்கிட்டயே கேக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். இவ்வளவுதானா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. என் மேசைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. பெண்ணின் அம்மா என்னைக் கேட்கிறாள், உன் அப்பா என்னைக் கேட்கிறார், சொந்தமெல்லாம் என்னைக் கேட்கிறது, அந்தப் பையனிடம் மட்டும் யாருமே கேட்கவில்லை.

அதற்குள் அத்தை சம்பந்தத்தை விட்டுவிடலாம் என்ற அளவுக்குப் போய்விட்டாள். சத்யாவின் அப்பா சடையாண்டி மாமாதான், ஆடி போகட்டும் ஆடி போகட்டும் என்று இழுத்துப் பிடித்தார். அத்தை அப்பாவின் கடைக்கே போய், "அண்ணே, ஒனக்காவது தெரியுமா, தெரிஞ்சா சொல்லு" என்று கேட்டிருக்கிறாள். அப்பா காயில் சுற்றிக்கொண்டே, "அவ எங்கிட்டயும் சொல்லல தாயி, நானும் கேட்டுப் பாத்துட்டேன். கட்டுனவனுக்கே சொல்லாதவ ஒனக்கு எங்குட்டுச் சொல்லுவா" என்றாராம். அப்பாவுக்குச் சொல்லிவிட்டுத் தனக்கு மட்டும்தான் நான் மறைக்கிறேன் என்று அத்தை அதுவரை நினைத்திருக்கிறாள். அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்ததும் ரேடியோவைப் போடவில்லை. "மாயக்கா வந்துச்சு, இப்பிடிச் சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு, என் புத்தகத்தை எடுத்து, எங்கே விட்டோம் என்று பக்கத்தைத் தேடினார். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆடி முடிகிற சமயம், ஒரு சனிக்கிழமை மத்தியானம் சத்யபிரியா பள்ளிக்கூடத்துச் சேலையோடே கிளினிக்குக்கு வந்தாள். கடைசி நோயாளி போகும்வரை பெஞ்சில் காத்திருந்தாள். இந்தப் பிள்ளையும் கேட்கப் போகிறதே, நான் தூக்கி வளர்த்த பிள்ளை, இவளிடம் எப்படி மாட்டேன் என்று சொல்வது என்று எனக்கு டைப்பெல்லாம் தப்புத் தப்பாக விழுந்தது. அவள் எதிரே வந்து நின்று, "அத்தை, நான் அவரப் பத்திக் கேக்க வரல. கேட்டா நீங்க சொல்ல மாட்டீங்கன்னு தெரியும். அவருகிட்ட நானே கேக்கலாமா, அது தப்பா, அத மட்டும் சொல்லுங்க" என்றாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "ஒங்கூடக் காலம் பூரா இருக்கப்போற ஆளுகிட்டக் கேக்குறதுல என்ன தப்பு. கேளு. ஆனா ஒண்ணு, ஒங்கிட்ட என்ன இருக்குன்னு அவரு கேட்டாலும் நீயும் மறைக்காமச் சொல்லணும்" என்றேன். அவளுக்கு அது புதிதாக இருந்தது போல, கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, கூட வருகிறீர்களா என்று கேட்டாள். சடையாண்டி மாமாவிடம் சொல்லி, அவர் நத்தத்துக்குச் சொல்லி, ஆவணி பிறந்ததும் வந்த வெள்ளிக்கிழமை அபிராமி அம்மன் கோயிலில் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அத்தைக்கும் தெரிந்துதான் நடந்தது. அவள் வரமாட்டேன் என்றாள், தடுக்கவும் இல்லை.

கோயிலில் அன்றைக்கு நல்ல கூட்டம். அவர்கள் இரண்டு பேரையும் பிராகாரத்தில் ஓர் ஓரமாக விட்டுவிட்டு, நான் பேச்சுக் கேட்காத தூரத்தில் பூக்காரி பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். கேட்கக் கூடாது என்று சும்மா நிற்கவும் முடியவில்லை, வேண்டாத கதம்பத்தையெல்லாம் விலை விசாரித்தேன். திரும்பிப் பார்த்தால் அவன் பேசிக்கொண்டே இருந்தான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தடவை கண்ணைத் துடைத்தாள். அப்புறம் அவள் பேசினாள், அவன் கேட்டான். கடைசியில் இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் பூக்காரியிடம் முல்லை வாங்கினேன். சத்யா வந்து, "சரின்னு சொல்லிட்டேன் அத்தை" என்றாள், அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பூவை அவள் தலையில் வைத்துவிட்டேன்.

அந்தப் பையன் என்னிடம் வந்து கும்பிட்டான். "நீங்க அவங்க சொந்தம்னு தெரிஞ்சதிலருந்து நான் ஆஸ்பத்திரிக்கே வரலங்க. அவங்க அம்மா விசாரிக்கிறாங்கன்னு காதுல விழுந்துச்சு, எல்லாம் வெளிய வந்துருமோன்னு பயமா இருந்துச்சு. நானே சொல்லணும்னுதான் இருந்தேன், எப்பிடி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. இத்தன நாளா நீங்க ஒரு வார்த்தை சொல்லலன்னு இப்பத்தான் சத்யா சொன்னாங்க" என்றான். நம் அத்தை சந்தேகப்பட்டதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, இவன் டாக்டரைப் பார்க்க வராமலே இருந்துவிட்டான் என்பதுதான் நெஞ்சில் குத்தியது. நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவன் இனிமேல் எந்த டாக்டரிடமும் வாயைத் திறந்திருக்க மாட்டான். "தம்பி, அங்க நான் ஒங்க மாமியார் வீட்டுச் சொந்தம் கெடையாது, டாக்டரோட செக்ரட்டரி. தைரியமா வாங்க" என்றேன். வாரேன் என்றான். அப்புறம் வந்தானா என்று என்னிடம் கேட்காதே.

சத்யா வீட்டில் போய் அவளுடைய அம்மாவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கிறாள். என்ன சொன்னாளோ, அத்தை ஒரு நாள் பூராவும் யோசித்துவிட்டு, "ஒளிக்காமச் சொன்னவன நம்பிக் குடுக்கலாம்" என்றாளாம். போன வியாழக்கிழமை நிச்சயம் நடந்தது. முதல் நாள் அத்தையே நம் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே, "மதினி, தாம்பூலத் தட்டு நீதான் எடுக்கணும், வேற யாரும் எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, என்ன வெஞ்சனம் என்று சட்டியைத் திறந்து பார்த்து, தானாகவே போட்டுச் சாப்பிட்டாள். மன்னிப்பு அது இது என்று எதுவும் இல்லை, எனக்கும் அது வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு இரண்டாம் தடவை ரசம் ஊற்றும்போதுதான் உனக்குப் போன் போட்டதைச் சொன்னாள், "மகேசுகிட்ட வேற என்னென்னமோ சொல்லிப்புட்டேன், நீயே எழுதிரு" என்றாள். அதனால் இது அவள் சொல்லி எழுதுவதும்தான். நிச்சயத்துக்கு நான் அந்த மாம்பழக் கலர் பட்டு கட்டிக்கொண்டேன். கல்யாணம் தை மாதம். முகூர்த்தம் குறித்ததும் தேதி எழுதுகிறேன், மாப்பிள்ளையிடம் இப்போதே லீவுக்குச் சொல்லி வை.

வேலையை விடச் சொன்னாயே, அதற்குப் பதில் இதுதான். விட மாட்டேன் கண்ணு. நீங்கள் அனுப்புவதை வாங்கிக்கொள்ள எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. காலையில் சேலையை மடித்துக் குத்திக்கொண்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, ரவுண்டு ரோட்டில் நடந்து போகும்போது எனக்கு நன்றாக இருக்கிறது. டிசம்பரில் பரீட்சை. இந்த மாதம் கிளினிக்கில் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்கள், தப்பு விழுந்தால் வெள்ளை மை தடவ வேண்டாம், ஒரு விரலால் அழித்துவிடலாம், எனக்கு அதுவே அதிசயமாக இருக்கிறது. சைதூன்தான் மவுஸைப் பிடிக்கச் சொல்லித் தருகிறாள். போன வாரம் டாக்டர் ஒரு கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுக்காமலே கையெழுத்துப் போட்டார். நான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன், சைதூன் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

உங்கள் இரண்டு பேருக்கும் ஒன்று சொல்கிறேன், டாக்டர் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடமாகிவிட்டது. எங்கே காட்டினாலும் பழைய சீட்டு, ரிப்போர்ட் எதையும் தூக்கிப் போடாதீர்கள், தேதிவாரியாக ஒரு பையில் வைத்திருங்கள். சாப்பிடுகிற மாத்திரையின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை மாத்திரை, சிவப்பு மாத்திரை என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களால் எனக்குப் பாதி நாள் போகிறது. மாப்பிள்ளைக்கு ஷிப்ட் மாறும்போது சாப்பாட்டு நேரம் தப்பாமல் பார்த்துக்கொள். அப்பாவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, வெற்றிலையை மட்டும் குறைக்க மாட்டேன் என்கிறார், இதை நான் எழுதலாம் என்று அவரே அனுமதி கொடுத்துவிட்டார்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இவ்வளவு நேரம் மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டு வந்தேன். உனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் கடைசியில் நான் விசேஷம் உண்டா என்று கேட்பதும், நீ ஒன்றும் இல்லைம்மா என்று சொல்வதும், அப்புறம் இரண்டு பேருக்கும் பேச எதுவும் இல்லாமல் போவதும் வழக்கமாகிவிட்டது. என் மேசைக்கு முன்னால் எத்தனையோ பெண்கள் வந்து உட்காருகிறார்கள். மாமியாரோடு வருகிறவர்கள், அம்மாவோடு வருகிறவர்கள், யாரிடமும் சொல்லாமல் தனியாக வருகிறவர்கள். தனியாக வருகிற பெண்களைப் பார்த்தால் எனக்கு உன் ஞாபகம் வந்துவிடுகிறது, ஏதாவது வேண்டுமா, தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்பேன், அதற்கு மேல் கேட்க மாட்டேன். நீயும் மாப்பிள்ளையும் அங்கே யாரிடமாவது காட்டுகிறீர்களா, இல்லையா, இப்போதைக்கு வேண்டாம் என்று இருக்கிறீர்களா, எனக்குத் தெரியாது. அது உங்கள் இரண்டு பேருடைய விஷயம். இனிமேல் நானாகக் கேட்க மாட்டேன். இங்கே கேட்கிறவர்களுக்கும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், எனக்கு இப்போது அது நன்றாகவே வருகிறது. என்றைக்காவது சொல்ல வேண்டும் போல இருந்தால், நல்லதோ கெட்டதோ, நடு வேலையில் என்றாலும் கிளினிக் நம்பருக்குப் போன் போடு, நான் மேசையை விட்டு எழுந்து வந்து கேட்பேன். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றால் அவருக்கும் தெரியாது. சொல்லவே தோன்றவில்லை என்றாலும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நீ என் மகள்தான்.

நீயும் மாப்பிள்ளையும் சிரித்த முகமாக, ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட காலம் வாழ வேண்டும், அபிராமி அம்மன் கூடவே இருக்கட்டும். தை மாதக் கல்யாணத்துக்கு ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் கிடைக்காது. அடுத்த ஞாயிறு மதுரையிலிருந்து சாயங்காலம்தான் வருவேன், இருட்டின பிறகு போன் பண்ணு. அங்கே மழை எப்படி, என்ன சமைத்தாய், பக்கத்து வீட்டு வங்காளி அம்மா மறுபடியும் மீன் கொடுத்துவிட்டாளா, எதையாவது பேசிக்கொண்டிருப்போம்.

இப்படிக்கு,
உன் அம்மா
கௌசல்யா